கென்யாவுக்கு மருத்துவ மிஷன் பயணம்: காசு கட்டும் முன் வாசித்துவிடுங்கள்

எங்கள் சபையில் இந்த வருஷத்துக்கும் பெயர் கொடுக்கச் சொல்லி அறிவித்துவிட்டார்கள். ஏற்கனவே போய் வந்தவள் என்பதால் கடைக்கு மருந்து வாங்க வருகிறவர்கள்கூட "அக்கா, போகலாமா, காசுக்குப் பிரயோசனமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்றரை. அந்த ஒன்றரையை எங்கே வெட்டினேன் என்பது கீழே வரும். நடத்துகிற அமைப்பின் பெயரைப் போடவில்லை, குறையும் சொல்லப் போகிறேன், வீணாக ஒருத்தர் பெயரை இழுப்பானேன். நம் பக்கத்துச் சபைகளில் கேட்டால் தெரிந்துவிடும்.

நான் எந்தக் கண்ணோடு பார்த்தேன் என்பதைச் சொல்லாவிட்டால் இந்த விமர்சனம் புரியாது. ஹட்டனில் ஒரு பாமசியில் மருந்தாளராக இருக்கிறேன், பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில். மருத்துவ முகாம் என்றால் எங்களுக்குப் புதிதே இல்லை. கொழும்பிலிருந்து வேன் வரும், பெனர் கட்டுவார்கள், பிரஷர் பார்த்து விட்டமின் குளிசை கொடுப்பார்கள், சாப்பாட்டுப் பார்சலோடு லயத்து வாசலில் நிற்க வைத்துப் போட்டோ எடுப்பார்கள், நாலு மணிக்கு மழை வரும் முன் இறங்கிவிடுவார்கள். அந்த வரிசையில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள் நான். இப்போது அதே வேனில் நானே ஏறி, அதுவும் ஆபிரிக்காவுக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். ஆகவே நான் பார்த்தது ஒன்றைத்தான்: முகாம் முடிந்து நாங்கள் வேனில் ஏறிய மறுநாள் அந்த ஊருக்கு என்ன மிஞ்சுகிறது?

இடம், மேற்குக் கென்யாவில் பொமெட். கெரிச்சோவுக்குப் பக்கத்து மாவட்டம். நைரோபியில் இறங்கி நாரொக் வழியாகக் கிட்டத்தட்ட ஒரு முழுப் பகல் வேனில் போக வேண்டும். நடுவில் பெரிய பிளவுப் பள்ளத்தாக்கு கீழே விரிவதை நிறுத்திக் காட்டுவார்கள், அங்கே விற்கிற சாமான்களை மட்டும் விலை கேட்காமல் தொடாதீர்கள். பொமெட் பக்கம் நெருங்க நெருங்க எங்கள் ஆட்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்கள். தேயிலை! அதே பச்சை, அதே குளிர், அதே மழை மூட்டம். கெரிச்சோ 2000 மீற்றருக்கும் மேலே, அதாவது நம் நுவரெலியாவைவிட உயரம், ஸ்வெட்டர் இல்லாமல் போனவர்கள் முதல் இரவே நடுங்கினார்கள். ஆபிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் பெட்டி கட்டாதீர்கள்.

அங்கே வெள்ளைக்காரக் கம்பனிகள் பெரிய அளவில் தேயிலை போடத் தொடங்கியது 1920களில். நம் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கியது 1867. ஆனால் நாம் அண்ணன், அவர்கள் தம்பி என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். இன்றைக்கு ஏற்றுமதியில் கென்யா எங்கேயோ போய்விட்டது, பெரிய கம்பனித் தோட்டங்களில் மிஷினால் கொழுந்து வெட்டுகிறார்கள். அந்தத் தோட்டங்களில் ஃபின்லே கம்பனியுடையதை நம் கொழும்பு பிரவுண்ஸ் கம்பனி வாங்கியிருக்கிறது என்று வேன் சாரதி சொன்னபோது எங்களுக்கு என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. அதைவிட எனக்குள் தைத்தது வேறு. பொமெட்டில் நாங்கள் சந்தித்த கிப்சிகிஸ் மக்களில் நிறையப் பேருக்குச் சொந்தமாக ஒரு துண்டுக் காணி இருக்கிறது, அதில் தேயிலை, ஓரத்தில் சோளம், ஒரு மாடு. கொழுந்தைக் கூட்டுறவு மாதிரி நடக்கிற தொழிற்சாலைக்குக் கொடுத்து மாதா மாதம் காசு, வருஷக் கடைசியில் போனஸ் எடுக்கிறார்கள். 'ஏழைகளுக்கு உதவப் போகிறோம்' என்று ஜெபம் பண்ணிவிட்டு வந்த எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு, எங்கள் சனம் தோட்டங்களுக்கு வந்து இருநூறு வருஷம் கழித்தும், வீடு கட்ட ஏழு பேர்ச் காணிக்கு உறுதிப் பத்திரம் கைக்கு வரவில்லை. சரி, அது வேறு கதை.

இனிச் செலவு. டிக்கட், அமைப்புக்குக் கட்டுகிற பணம், ஊசி, கைச்செலவு எல்லாம் சேர்த்தால் ஆறு லட்சத்தை நெருங்கிவிடும். சபை கொஞ்சம் போட்டது, மீதி என் சீட்டுக் காசு. கொழும்பிலிருந்து நேரே விமானம் கிடையாது, வளைகுடாவில் மாறிப் போக வேண்டும், அந்தக் காத்திருப்பில் முதுகு உடைந்துவிடும். கட்டிய பணத்துக்குக் கணக்கு கொடுத்தார்களா என்றால் கொடுத்தார்கள். தங்குமிடம், வாகனம், மருந்து என்று பிரித்துக் காட்டிய தாள் என்னிடம் இன்னும் இருக்கிறது, அதற்காக முழு மார்க்.

கடதாசி வேலையைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். கென்யா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு, தடுப்பூசி அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் கட்டுநாயக்கவில் பிரச்சினை. அந்த ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அட்டை செல்லுபடியாகும், கடைசி வாரத்தில் ஊசி போடப் பொரளைக்கு ஓடிப் பிரயோசனம் இல்லை. ஒரு தரம் போட்டால் ஆயுளுக்கும் போதும், முன்பு மாதிரி பத்து வருஷத்துக்கு ஒரு தரம் தேவையில்லை. மலேரியாவுக்கு நாரஹேன்பிட்டவில் இருக்கிற மலேரியா ஒழிப்பு இயக்கத்துக்குப் போங்கள். எந்த நாடு, எந்தப் பகுதி, எத்தனை நாள் என்று கேட்டுவிட்டு அதற்குத் தகுந்த குளிசையை இலவசமாகவே தருகிறார்கள். இந்த முழுப் பயணத்திலும் ஐந்துக்கு ஐந்து கொடுக்கத்தக்க சேவை எது என்று கேட்டால், எங்கள் சொந்த நாட்டின் அந்த அரசாங்க அலுவலகம்தான். 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கியதைச் சும்மா வாங்கவில்லை. நுளம்பு இன்னும் இங்கே இருக்கிறது, கிருமியை நாம் கொண்டு வந்தால் திரும்பவும் ஆரம்பித்துவிடும். அதனால் வந்த பிறகும் அவர்கள் சொன்ன நாள் வரை குளிசையை விடாமல் போடுங்கள், ஒரு வருஷத்துக்குள் காய்ச்சல் வந்தால் டெங்கு என்று நீங்களே முடிவு பண்ணாமல் டாக்டரிடம் ஆபிரிக்கா போனதைச் சொல்லுங்கள்.

தொழில் அனுமதி விஷயத்தில் இந்த அமைப்பை மெச்ச வேண்டும். வெளிநாட்டு டாக்டர், நர்ஸ் யாராக இருந்தாலும் அங்குள்ள கவுன்சிலில் தற்காலிகப் பதிவு எடுத்துத்தான் நோயாளியைத் தொடலாம். எங்களிடம் இலங்கை மருத்துவக் கவுன்சிலின் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டார்கள், மாதக்கணக்கில் அலைந்தோம், திட்டினோம். ஆனால் இது கேட்காத அமைப்பு ஏதாவது உங்களைக் கூப்பிட்டால் போகாதீர்கள். 'மிஷன்தானே, ஆண்டவர் காரியம்தானே, யார் கேட்கப் போகிறார்கள்' என்கிற ஆட்களை நான் கண்டிருக்கிறேன். அந்த ஊர்க்காரரும் மனுஷர்தானே, அவர்களுக்கு மட்டும் பதிவில்லாத டாக்டர் போதுமா?

என் பகுதி மருந்து என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். கிளம்புவதற்கு முன் சபையில் ஆளாளுக்கு ஒரு பை கொண்டு வந்தார்கள். வீட்டில் மிஞ்சிய பனடோல், டாக்டர்மாருக்குக் கம்பனி கொடுத்த சாம்பிள், பாதி குடித்த இருமல் பாணி, அடுத்த மாதம் காலாவதியாகிற அன்டிபயோட்டிக். மனசு நல்ல மனசுதான், ஆனால் ஒன்றையும் எடுக்கவில்லை. நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருஷமாவது ஆயுள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருக்கிறது, போதாததற்குக் கென்யாவுக்குள் மருந்து கொண்டு போக அங்குள்ள மருந்துச் சபையின் அனுமதியும் வேண்டும். இந்த அமைப்பு செய்தது என்னவென்றால், எங்கள் பணத்தில் நைரோபியில் இருக்கிற மெட்ஸ் என்கிற நிறுவனத்திடம் மருந்தை வாங்கியது. 1986இல் கத்தோலிக்க ஆயர்களும் மற்றத் திருச்சபைகளும் சேர்ந்து மிஷன் ஆஸ்பத்திரிகளுக்காகத் தொடங்கியது அது, மருந்தின் தரம் பார்க்க ஆய்வுகூடமும் வைத்திருக்கிறார்கள். இதில் இரண்டு லாபம். ஊர் டிஸ்பென்சரியில் இருக்கிற அதே பெயர், அதே பலம் உள்ள குளிசை கிடைக்கிறது, அங்குள்ளவர்கள் எங்கள் பெட்டியைப் பார்த்து முழிக்கத் தேவையில்லை. மிச்சம் வந்ததை அப்படியே டிஸ்பென்சரிக்குக் கொடுத்துவிடலாம். ஹட்டனிலிருந்து சாக்கு சாக்காகக் கட்டிக்கொண்டு போயிருந்தால் பாதி நைரோபி சுங்கத்திலேயே நின்றிருக்கும்.

முகாம் நடந்தது ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில். விடியும் முன்னேயே வரிசை. ஒரு வகுப்பறையில் பதிவும் பிரஷரும், அடுத்ததில் டாக்டர்கள், மூலையில் பல், கடைசி அறையில் நான். வெறும் டெஸ்க் மேசை, பின்னால் கரும்பலகையில் யாரோ ஒரு வாத்தியார் எழுதிவிட்டுப் போன பெருக்கல் வாய்ப்பாடு. வெள்ளைக் கோட் போட்ட எல்லோரும் அங்கே 'டக்டாரி'தான், நான் டாக்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் கேட்கவில்லை. மருந்துப் பையில் காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை, எத்தனை குளிசையோ அத்தனை புள்ளி என்று வரைந்து கொடுக்கச் சொன்னார்கள். எழுத வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் அங்கே அதிகம், ஆனால் வயசானவர்களுக்கு அது கை கொடுத்தது. ஒரு பாட்டி சூரியனை விரலால் தொட்டு, பிறையைத் தொட்டு, புள்ளிகளை எண்ணி, என் முன்னாலேயே சரியாகச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் நகர்ந்தார். அந்த விரலைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள்காட்டி விரலிலும் பெருவிரலிலும் கறுத்து ஊறிப்போன கறை, நகத்தோரம் வெடிப்பு. கொழுந்துக் கறை எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது, எங்கள் அம்மா எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ப்பார். மொழிபெயர்க்க நின்ற பிள்ளையிடம் "எங்கம்மாவும் கொழுந்து பறிச்சவங்கதான்னு சொல்லு" என்று அரைகுறை இங்கிலீசில் சொன்னேன். பாட்டி நம்பவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த டக்டாரியின் அம்மா கொழுந்து பறிப்பாளா? கடைசியில் நான் இரண்டு விரலால் 'இரண்டு இலையும் மொட்டும்' கிள்ளிக் காட்டியதும்தான் அந்த அறையே சிரித்தது.

நோய்கள் என்று பார்த்தால் எங்கள் தோட்டத்துப் புத்தகத்தை அங்கே திறந்து வைத்தாற்போல்தான். முதுகுவலி, முழங்கால்வலி, நெஞ்செரிவு, பல்வலி, பிள்ளைகளுக்குப் பூச்சி, கிழங்களுக்குப் பிரஷர். பூச்சிக்கு அல்பெண்டசோல் ஒரு குளிசையோடு வேலை முடிந்தது. முதுகுவலிக்கு நாங்கள் கொடுக்கிற பத்து நாள் பரசிட்டமோல் பதினோராம் நாள் ஒன்றுக்கும் உதவாது, அதை மறைத்து எழுத மாட்டேன். பிரஷர்தான் உண்மையான சோதனை. ஒரு மாதத்துக் குளிசையைக் கொடுத்துவிட்டு நாங்கள் விமானம் ஏறினால், இரண்டாம் மாதம் அந்த மனுஷன் என்ன செய்வான்? எங்கள் தோட்டங்களுக்கு வந்த முகாம்கள் எல்லாம் விழுந்த இடம் இதுதான்.

இங்கே விழவில்லை, அல்லது முழுதாக விழவில்லை. முகாமின் தலைமை எங்களிடம் இல்லை, அந்த ஊர் கிளினிக்கல் ஒஃபிசரிடம் இருந்தது. மூன்று வருஷம் டிப்ளோமா படித்து, டாக்டர் இல்லாத இடத்தில் நோய் பார்த்து மருந்து எழுத அதிகாரம் உள்ளவர். நம் தோட்டங்களில் ஈஎம்ஏ ஐயாமாரை, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளர்களை, தெரிந்தவர்களுக்கு அவரை விளக்கத் தேவையில்லை. ஊருக்கு ஊர் சுகாதாரத் தொண்டர்களும் இருக்கிறார்கள். 2023இல் நாடு முழுவதும் ஒரு லட்சம் பேரை எடுத்து, பிரஷர் மிஷின், சீனி பார்க்கிற கருவி எல்லாம் கொண்ட பை கொடுத்து அரசாங்கம் இறக்கியிருக்கிறது. எங்கள் வரிசையில் பிரஷர் கூடியிருந்த ஒவ்வொருத்தரையும் அவரவர் பகுதித் தொண்டர் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார், அடுத்து எந்தக் கிழமை டிஸ்பென்சரிக்கு வர வேண்டும் என்று அங்கேயே சொல்லி அனுப்பினார். எங்களோடு வந்த ஒரு டாக்டர் தம்பி கொழும்புப் பழக்கத்தில் விலை கூடிய குளிசை ஒன்றை எழுதினார், அந்த ஒஃபிசர் மரியாதையாகத்தான் சொன்னார்: "டக்டாரி, இது எங்கள் டிஸ்பென்சரியில் இல்லை, இருக்கிறதை எழுதுங்கள்." தம்பி அதை அடித்துவிட்டு, அங்கே இருக்கிற பிரஷர் குளிசையான அம்லோடிபினை எழுதினார். அந்த ஒரு காட்சிக்காகவே இந்த அமைப்பைத் திரும்பவும் நம்பலாம் என்று எனக்குப் பட்டது.

இன்னொன்று. சாப்பாடு இறங்கவில்லை, தண்ணி மட்டும்தான் போகிறது என்று ஒரு ஆள் வந்தார், வயசு ஐம்பதுக்கு மேல் இருக்காது, எலும்பும் தோலும். ஒஃபிசர் பார்த்த மாத்திரத்தில் சந்தேகப்பட்டது உணவுக்குழாய்ப் புற்றுநோயை. அந்தப் பகுதியில் அது அதிகம். மிகச் சூடாகத் தேநீர் குடிப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பார்க்கிறார்கள், 65 பாகைக்கு மேல் சூடான பானம் புற்றுநோயைத் தரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகமும் 2016இல் சொன்னது. அங்கே பாலையும் தூளையும் சீனியையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கக் கொதிக்க இறக்கி, ஆறவிடாமல் குடிக்கிறார்கள். எங்கள் ஆட்கள் பிளேன்டீயைக் குடிக்கிற சூடும் குறைந்ததா என்ன? எங்களால் அந்த ஆளுக்குச் செய்ய முடிந்தது டென்வெக் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதுதான். 1930களில் அமெரிக்க மிஷனரிகள் சின்ன மருந்தகமாகத் தொடங்கியது, இன்றைக்குப் பெரிய போதனா ஆஸ்பத்திரி, பக்கத்து நீர்வீழ்ச்சியிலிருந்து 1987 முதல் சொந்தமாக மின்சாரமே எடுக்கிறார்கள். தொண்டை அடைபட்டவர்களுக்கு உள்ளே கம்பிவலைக் குழாய் வைத்துச் சாப்பிட வைக்கிற வேலையில் அவர்களுக்கு நல்ல அனுபவம். ஒரு வாரத்துக்கு வருகிற எங்களுக்கும், அங்கேயே தலைமுறையாக இருக்கிற மிஷனுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க ஆசைப்பட்டால் அங்கே ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

ஜெபம் பற்றிக் கேட்பீர்கள். ஜெப மேசை மருந்து அறைக்கு முன்னால் இல்லை, பின்னால்தான் இருந்தது. மருந்து கைக்கு வந்த பிறகு விரும்பினால் உட்காரலாம், விரும்பாவிட்டால் நேரே வீட்டுக்குப் போகலாம். இது முக்கியம். ஜெபத்துக்கு உட்கார்ந்தால்தான் மருந்து என்கிற மாதிரி ஒரு நிழல் விழுந்தால்கூட எனக்குப் பிடிக்காது, 1854இல் எங்கள் பாட்டன் பூட்டன்மாருக்கென்றே கண்டிப் பக்கம் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிய காலத்திலிருந்து அரிசிக்குச் சேர்ந்தவன் என்று பேச்சு வாங்கிய சனம் நாங்கள். ஆனால் ஒன்று, அங்கே பெரும்பாலானவர்கள் ஏற்கனவே கிறிஸ்தவர்கள், ஞாயிறு ஆராதனையில் அவர்கள் பாடுகிறதைக் கேட்டால் யார் யாருக்கு மிஷனரி என்று சந்தேகம் வரும். அதைத் தெரிந்துகொண்டும் எங்கள் குழுவில் ஒரு அண்ணன் மேடையேறி, இருளில் இருக்கிற ஜனம் என்று பிரசங்கம் ஆரம்பித்தார். மொழிபெயர்த்தவர் நல்ல மனுஷன், அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டார்.

இப்போது வெட்டின ஒன்றரை. ஒன்று, போட்டோ. நோயாளியைப் படம் எடுக்க வேண்டாம் என்று முதல் நாளே சொன்னார்கள், எழுதியும் கொடுத்தார்கள், ஆனால் இரண்டாம் நாளிலிருந்து சொன்னவர்களே எடுத்தார்கள். நன்கொடையாளருக்கு அனுப்ப வேண்டுமாம். அந்த எலும்பும் தோலுமான ஆளை வீடியோ எடுத்துக்கொண்டு நின்ற பெண்ணிடம் நான் போய்க் குறுக்கே நின்றுவிட்டேன். பிறகு சாப்பாட்டு மேசையில் என்னை யாரும் சரியாகப் பார்க்கவில்லை, போகட்டும். அரைப் புள்ளி இல்லை, முக்கால் புள்ளியே இதற்குத்தான் வெட்டினேன்.

மற்றது, ஆள் தெரிவு. குழுவில் மருத்துவ வேலை தெரிந்தவர்கள் பாதிப் பேர்தான். மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் பலூன் ஊதினார்கள், தள்ளுமுள்ளு இல்லாமல் வரிசையைப் பார்த்துக்கொண்டார்கள், அதைச் செய்ய ஊரிலேயே இளசுகள் கொட்டிக் கிடக்கிறார்கள். இன்னும் படித்து முடிக்காத ஒரு தம்பி, இங்கே கனவிலும் விடமாட்டார்கள், பல் பிடுங்கட்டுமா என்று கேட்டான். கிளினிக்கல் ஒஃபிசர் முடியாது என்று சொன்னதால் நடக்கவில்லை, அவர் சொல்லியிருக்காவிட்டால் எங்கள் தலைவர் தடுத்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். பலூன் ஊதப் போன ஒருவரின் செலவில் அந்த டிஸ்பென்சரிக்கு எத்தனை மாதத்துக்குப் பிரஷர் குளிசை வரும் என்று திரும்பும் வழியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பக்கத்தில் இருந்த போதகர் ஐயாவிடமும் காட்டினேன். "அப்படிக் கேட்டா யாரும் காசு தரமாட்டாங்க தங்கச்சி, ஆள் போனாத்தான் தருவாங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

சாப்பாடு, தங்குமிடம் சுருக்கமாக. சபை விடுதியில் ஆளுக்கொரு கட்டில், சுடுதண்ணி காலையில் மட்டும். உகாலி என்று சோளமாவில் கிண்டுகிறார்கள், நம் குரக்கன் களி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குத் தொண்டையில் நிற்காது. கூடவே சுகுமா என்கிற கீரை, சில நாள் ஆட்டிறைச்சி. காரம் என்ற பேச்சே கிடையாது, ஒரு போத்தல் கட்டச் சம்பல் கொண்டு போங்கள், மூன்றாம் நாள் உங்களைச் சுற்றிக் கூட்டம் கூடும். முர்சிக் என்று சுரைக் குடுக்கையில் கரி பூசிப் புளிக்க வைத்த பால் மரியாதைக்குக் கொடுப்பார்கள், ஒரு வாய் குடித்தால் போதும், சந்தோஷப்படுவார்கள்.

யார் போகலாம்? நர்ஸ், மருந்தாளர், பல் வைத்தியம், கண் பார்க்கிறவர்கள், பதிவு உள்ள டாக்டர்மார் தாராளமாகப் போகலாம், உங்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. முக்கியமாகக் கண். நாற்பது தாண்டியவர்களுக்குக் கொடுத்த ரெடிமேட் வாசிப்புக் கண்ணாடிதான், நாங்கள் கொண்டு போனதில் குளிசை மாதிரி தீர்ந்து போகாத ஒரே சாமான், அதுவும் இரண்டாம் நாள் மத்தியானமே முடிந்துவிட்டது. மருத்துவம் தெரியாதவர்கள் ஆசையாக இருந்தால் கணக்கு எழுத, சமைக்க என்று ஒருவர் இருவர் போகலாம், அதற்கு மேல் வேண்டாம். வேறு அமைப்பு எதிலாவது கேட்டால் மூன்று விஷயம் விசாரித்துவிட்டுக் காசு கட்டுங்கள்: உள்ளூரில் யார் தலைமை, மருந்து எங்கே வாங்குகிறார்கள், பிரஷர்காரருக்கு இரண்டாம் மாதம் யார் பொறுப்பு. மூன்றாவதற்கு 'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று பதில் வந்தால் உங்கள் சீட்டுக் காசை வங்கியிலேயே விட்டுவையுங்கள்.

இந்த வருஷம் நான் போகவில்லை, கடையில் லீவு இல்லை. கண்ணாடி சேர்க்கிற பெட்டி ஒன்றைப் பாமசி மேசையில் வைத்திருக்கிறேன், ஒன்றிலிருந்து மூன்று வரை பவர் உள்ளது, கீறல் இல்லாதது, பெட்டியோடு கொண்டு வந்து தாருங்கள். பழைய மருந்து மட்டும் கொண்டு வராதீர்கள்.